பெயர்ப் பலகையும் பற்று வரவும்

மாட்டுங்காவில் நம்மவர்களுக்கு 2024இலிருந்து ஒரு கவலை. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனின் பெயர் போகப் போகிறதாம். அந்த வருடம் மார்ச்சில் மகாராஷ்டிர அமைச்சரவை சில லோக்கல் ரயில் நிலையங்களுக்குப் புதுப் பெயர் வைக்க ஒப்புதல் கொடுத்தது. ஜூலையில் சட்டசபைத் தீர்மானமும் ஆகி, விஷயம் மத்திய அரசுக்குப் போனது. கரி ரோடு லால்பாக், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு டோங்ரி, மரைன் லைன்ஸ் மும்பாதேவி, சர்னி ரோடு கிர்காவ், காட்டன் கிரீன் காலாசௌக்கி, டாக்யார்ட் ரோடு மஜ்காவ். நம்ம கிங்ஸ் சர்க்கிள், தீர்த்தங்கர் பார்ஷ்வநாத்.

ஆபீஸில் மராட்டிக்கார சிநேகிதர் ஒருவர் கேட்டார், "அண்ணா, அந்த ராஜா உங்களுக்கு என்ன மாமனா மச்சானா? ஏன் இவ்வளவு வருத்தம்?" நியாயமான கேள்விதான். ராஜாவின் மேல் யாருக்கும் பாசம் கிடையாது. காபியும் பூக்கடையும் ஆஸ்திக சமாஜமும் சேர்ந்து ஒரு சொல் ஆகிவிட்டது, அவ்வளவே. அங்கே இருக்கும் பூங்காவுக்கு மகேஷ்வரி உத்யான் என்று பெயர் வைத்து எவ்வளவோ காலம் ஆகிறது, டாக்ஸிக்காரர்கூட கிங்ஸ் சர்க்கிள் என்றுதான் கேட்கிறார்.

(சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு கதை தெரியுமோ? 1896-97 பிளேக் சமயத்து பம்பாய் கவர்னர். அவர் காலத்தில் 1898இல் வந்ததுதான் பாம்பே இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட். தாதர்-மாட்டுங்கா தெருக்களை நூல் பிடித்துப் போட்டது அந்த டிரஸ்ட். நாம் காலாற நடக்கும் ஃபைவ் கார்டன்ஸ் எல்லாம் அதன் திட்டம்தான். ஆனால் அதே பிளேக் கெடுபிடிகளில்தான் 1897இல் புனாவில் ராண்ட் என்ற அதிகாரியை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஒரே ஆள், ஒரே பிளேக், இரண்டு பக்கம்.)

பெயர் மாற்றுவதே வெட்டி வேலை என்பவர்களும் உண்டு. அவர்கள் கையில் பலமான ஆதாரம் எல்ஃபின்ஸ்டன் ரோடு. 2016 டிசம்பரிலேயே அதை பிரபாதேவி என்று மாற்ற மாநிலத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. நடைபாலத்தை அகலப்படுத்தும் வேலை மட்டும் நடக்கவில்லை. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் அந்தப் படிக்கட்டில் நெரிந்து 23 பேர் செத்தார்கள். பிறகு ராணுவம் வந்து பாலம் கட்டியது. 2018 ஜூலையில் பெயரும் மாறியது. இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். ஆனாலும் எனக்கு இந்த வாதம் பாதி வழி வரைக்கும்தான் ஒத்துக்கொள்கிறது. மீதி வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உலகத்தில் இந்தச் சண்டை வேறு ஒரு தளத்தில் நடக்கிறது. 2020 ஜூன் 7 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அவர் பள்ளிக்கூடமும் தர்மசாலையும் கட்டிய புண்ணியவான். பணம் வந்த வழிகளில் ஒன்று, ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலேற்றிய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி. அதில் அவர் துணை கவர்னர் பதவி வரை இருந்தவர்.

அது எங்கேயோ பிரிஸ்டல் என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தால் தெருவுக்கே ஸ்வீட் கொடுப்போம் இல்லையா? அந்த எலிஹு யேல் நம்ம சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்றிப் போக வேண்டும் என்ற உத்தரவு அவர் தலைமை வகித்த சபையில் பதிவானது. ஏறிப் போனது யார்? சோழமண்டலக் கரையின் ஏழைகள், நம் ஜனங்கள். சொந்த வியாபாரத்தில் கையாடினார் என்று கம்பெனியே பின்னால் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1718இல் அவர் அனுப்பிய துணி மூட்டைகளை அந்தக் கல்லூரி விற்றதில் வந்தது சுமார் 562 பவுன். அதற்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்! இன்றைக்கு ஸ்டேடியத்துக்குப் பெயர் வைக்கக் கோடிகளில் கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டால் வயிறு எரிவார்கள் :-)

அந்தப் பல்கலைக்கழகம் 2017இல் அடிமை முறையை ஆதரித்த கால்ஹவுன் பெயரைத் தன் ஒரு கல்லூரியிலிருந்து எடுத்தது. 2024 பிப்ரவரியில் அடிமை முறையோடு தனக்கிருந்த உறவுக்கு மன்னிப்புக் கேட்டு, ஒரு முழு வரலாற்றுப் புத்தகமும் வெளியிட்டது. யேல் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, மும்பைக்கு வருவோம். இங்கே அப்படிப்பட்ட பெயர்கள் இருக்கின்றனவா? மாஹிம் வழியாகப் பாந்திரா பக்கம் போகிறவர்களுக்கு எல்.ஜே. ரோடு தெரிந்திருக்கும். எல்.ஜே. என்றால் லேடி ஜம்ஷெட்ஜி. மாஹிம் காஸ்வே கட்ட ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் தன் பணத்தைக் கொடுத்த அம்மணி. 1845இல் பாதை திறந்தது. அவர் கணவர் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய்தான் ஜே.ஜே. ஆஸ்பத்திரி, ஜே.ஜே. ஓவியப் பள்ளி எல்லாவற்றிலும் இருக்கும் ஜே.ஜே. பணம் எப்படி வந்தது? பருத்தியும் உண்டு. ஆனால் பெரும் பணம் சீனாவுக்குப் போன அபினியில். ஜார்டின் மாத்திசன் கம்பெனிக்கு இங்கே வலது கை அவர்தான். 1842இல் நைட் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் ஆனார். சீனாவைத் துப்பாக்கி முனையில் பணிய வைத்து முதல் அபினிப் போர் முடிந்ததும் அதே 1842இல்தான். டேவிட் சசூன் குடும்பமும் இந்த வழிதான். பாக்தாதிலிருந்து வந்து, பிற்பாடு அபினியில் ஜார்டின் கம்பெனியையே ஓரங்கட்டியவர்கள். நூலகம், சசூன் டாக், மாட்டுங்கா-மாஹிம் பக்கம் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி என்று அவர்கள் பெயரும் ஊர் முழுக்க இருக்கிறது.

அபினி வேறு, அடிமை வியாபாரம் வேறு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் பம்பாய்க்கு அடிமை முறையோடும் ஒரு பணத் தொடர்பு உண்டு. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. அடிமைகள் பறித்த பருத்தி லங்காஷைர் மில்களுக்கு வராமல் வடக்கத்தியர் துறைமுகங்களை அடைத்தார்கள். உடனே எல்லோரும் பம்பாயின் கதவைத் தட்டினார்கள். (நம்ம திருநெல்வேலிப் பருத்திக்கும் தூத்துக்குடியில் அப்போது கொண்டாட்டம்தான்.) நான்கு வருடம் பணமழை. முப்பதுக்கும் மேல் பாங்குகள் முளைத்தன. பாக் பே கடலை மண் போட்டு நிரப்பும் கம்பெனியின் பங்கு போட்ட முதலுக்குப் பல மடங்கு விலை போனது. அந்தச் சூதின் ராஜா பிரேம்சந்த் ராய்சந்த். யூனிவர்சிடியில் நிற்கும் ராஜாபாய் கோபுரம் அவர் தன் அம்மா பெயரில் கொடுத்த பணம்.

1865 ஏப்ரலில் அமெரிக்காவில் போர் முடிந்தது. அங்கே அடிமைகளுக்கு விடுதலை, இங்கே ஜூலை 1ஆம் தேதி கெடுவில் பாதி ஊர் திவால். 1840இல் தொடங்கிய பாங்க் ஆஃப் பாம்பே 1868இல் மூடுவிழா கண்டது. பங்குகளின் பேரில் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்த கதை. இதைப் படித்தால் பாங்க்காரன் எவனுக்கும் தூக்கம் வராது. (அதற்குப் பின் வந்த புது பாங்க் ஆஃப் பாம்பே 1921இல் இம்பீரியல் பாங்க்கில் கலந்து, அதுவே 1955இல் ஸ்டேட் பாங்க் ஆனது.) அந்த நான்கு வருடத்தின் வாசனை இன்னும் ஒட்டியிருக்கும் ஸ்டேஷன் பெயர் காட்டன் கிரீன். அதில் எந்தத் துரையின் பெயரும் இல்லை, வெறும் பஞ்சு. அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்!

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தப் பருத்திக் காலத்து கவர்னர் சர் பார்ட்டில் ஃப்ரியர், 1862-67. ஆப்பிரிக்கக் கரையில் அரபுப் படகுகளிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட அடிமைகளை அந்தக் காலத்தில் பம்பாய்க்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிள்ளைகள் நாசிக் அருகில் சரண்பூரில் மிஷன்காரர்களிடம் படித்தார்கள். தச்சும் கொல்லும் கற்றார்கள். டேவிட் லிவிங்ஸ்டன் பம்பாய் வந்து ஃப்ரியரின் விருந்தாளியாகத் தங்கி, கடைசிப் பயணத்துக்கு அங்கிருந்துதான் ஆள் எடுத்தார். (தன் கப்பலை இங்கே விற்று அந்தப் பணத்தை ஒரு பாங்க்கில் போட்டார். பாங்க் திவால். பாவம் மனுஷர், சிங்கத்திடம் தப்பியவர் பாங்க்காரனிடம் தப்பவில்லை.) 1873இல் ஃப்ரியரே ஜான்ஸிபாருக்குத் தூது போனார். அந்த வருடமே அங்கே அடிமைச் சந்தையை மூடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1875இல் மொம்பாஸா அருகில் மீட்கப்பட்டவர்களுக்காக ஒரு குடியிருப்பு எழுந்தது. நாசிக்கில் வளர்ந்தவர்கள் பலர் அங்கே போய்க் குடியேறினார்கள். பெயர் ஃப்ரியர்டவுன். கென்யாவில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

மும்பையில்? டாக் ஓரமாகப் போகும் ஃப்ரியர் ரோடு எப்போதோ பி. டிமெலோ ரோடு ஆகிவிட்டது. டிமெலோ துறைமுகத் தொழிலாளர்களின் தலைவர். மூட்டை தூக்கியவர்களின் பெயரில் அந்தச் சாலை இருப்பது எனக்குச் சம்மதம்தான். ஃப்ரியரும் ஒன்றும் மகாத்மா இல்லை, 1879இல் ஜூலுக்கள் மேல் போரை மூட்டிய ஆள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அடிமை வியாபாரத்தை மூடப் போனவரின் பெயர் போனது, அபினி விற்றவர்களின் பெயர் இருக்கிறது. நீக்கியவர்கள் யாரும் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து நீக்கவில்லை.

மாலிக் அம்பர் விஷயம் இன்னும் ஒரு படி மேல். எத்தியோப்பியாவில் பிறந்து, சந்தை சந்தையாக விற்கப்பட்டு, அகமதுநகருக்கு அடிமையாக வந்தவர். அந்த ராஜ்யத்தையே தாங்கிப் பிடித்து மொகலாயர்களுக்குத் தண்ணி காட்டினார். 1610 வாக்கில் கட்கி என்ற ஊரைத் தலைநகராக எழுப்பினார். மகன் ஃபத்தே கான் அதை ஃபத்தேநகர் என்றான். ஔரங்கசீப் ஔரங்காபாத் ஆக்கினார். 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆனது. நானூறு வருடத்தில் நான்கு பெயர். ஊரைக் கட்டிய அந்த அடிமையின் பெயர் ஒரு தடவைகூட வைக்கப்படவில்லை.

ஜே.ஜே. பெயரை எடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். ஆனால் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக இல்லை. "ஆயிரம் பேருக்கு ஆஸ்பத்திரி கட்டினாரே, அதில் கழித்துக்கொள்ளக் கூடாதா?" என்பார்கள். எங்கள் தொழிலில் கழித்துக்கொள்வதற்கு ஒரு விதி உண்டு. ஒரே ஆளின் பெயரில், ஒரே தகுதியில் இருக்கும் கணக்குகளுக்குள்தான் பற்றை வரவில் கழிக்கலாம். அண்ணன் வாங்கிய கடனுக்குத் தம்பியின் டெபாசிட்டில் கை வைக்க முடியாது. கான்டன் நகரத்தில் அபினிக் குழாயோடு சரிந்து கிடந்தவனின் கணக்கு வேறு, பைகுல்லாவில் இலவச மருந்து வாங்கியவனின் கணக்கு வேறு. இரண்டையும் கழித்து மிச்சம் பார்க்க நமக்கு அதிகாரம் கிடையாது. அதனால் இரண்டும் முழுசாகப் பலகையில் இருக்கட்டும். இன்ன வருடம் இவ்வளவு கொடுத்தார், பணம் இந்த வியாபாரத்தில் வந்தது என்று. பெயரை எடுத்துவிட்டால் கடனோடு சேர்ந்து கடன்காரன் விலாசமும் போய்விடும். வாராக்கடனைத் தள்ளுபடி செய்தாலும் பேரேட்டிலிருந்து பக்கத்தைக் கிழிப்பதில்லை.

இதுவரை பேசியதெல்லாம் எஜமானர்களின் பெயர்கள். உலகம் சண்டை போடுவதும் அவற்றைப் பற்றித்தான். நம் ஊரில் விஷயம் தலைகீழ். அடிமையாக இருந்தவர்கள் குடியிருந்த இடத்தின் பெயர் அவர்களுடைய கொள்ளுப்பேரன் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். தஞ்சாவூர் ஜில்லா என்றால் பொன்னி, கோயில், சங்கீதம் என்று நாம் உருகுவோம். அங்கே நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்றிருக்கிறார்கள் என்பதைப் பேச மாட்டோம். 1843இல் வந்த சட்டம் அடிமை உரிமையைக் கோர்ட்டில் செல்லாது என்றது. 1860 தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அப்புறமும் அதே ஆட்கள் அதே வயலில் பண்ணையாள் என்ற பெயரில் இருந்தார்கள். சும்மா வெளியேற்றாமல் அவர்களைக் காக்க 1952இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அவர்கள் இருந்த இடம் சேரி. இந்தச் சொல்லுக்கு முதலில் எந்தப் பாவமும் இல்லை. சோழர் கல்வெட்டில் பிராமணர்கள் இருந்த பகுதிக்கும் சேரி என்றுதான் பெயர். அதே காலத்திலேயே ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வந்துவிட்டது. பிற்பாடு மற்றவர்கள் தெரு, அக்ரஹாரம் என்று நகர்ந்துகொள்ள, சேரி ஒருவருக்கே மிச்சமானது. கவர்மெண்ட் வீடு கட்டிக் கொடுத்து மரியாதையாகக் காலனி என்றது. ஒரு தலைமுறைக்குள் "அவன் காலனிக்காரன்" என்பது வசவாகிவிட்டது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவோம் என்று அறிவித்தார். அக்டோபரில் தெரு, குளம், குடியிருப்புகளின் சாதிப் பெயரை மாற்றுவதற்கு அரசாணையும் வந்தது.

செம்பூரில் வளர்கிற என் பிள்ளைகளுக்கு இது புரியவே இல்லை. இங்கே செம்பூர் காலனி, ஆர்.சி.எஃப். காலனி என்றால் கௌரவமான விலாசம். சிந்திக்காரர்கள் அகதிகளாக வந்து இறங்கிய செம்பூர் கேம்ப்பில் இன்று வீட்டு விலை என்ன தெரியுமா? நாலு கிலோமீட்டர் தள்ளி தாராவியில் மாட்டுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. கேம்ப் என்ற சொல் ஒன்றுதான். யார் இருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மகாராஷ்டிரம் இதை 2020 டிசம்பரிலேயே செய்தது. மகார்வாடா, மாங்வாடா, டோர் வஸ்தி, பிராமண்வாடா மாதிரிப் பெயர்களை சமதா நகர், பீம் நகர், கிராந்தி நகர் என்று மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் எழுபதுகளின் கடைசியில் தெருப் பெயரில் சாதி வாலை நறுக்கியபோது, தி. நகரில் டாக்டர் நாயர் ரோடு வெறும் 'டாக்டர் ரோடு' ஆன கூத்தைச் சென்னைக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நாயர் ஜஸ்டிஸ் கட்சியைத் தொடங்கிய தலைவர்களில் ஒருவர் என்பது கூத்துக்குள் கூத்து. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சேரிக்காரனுக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை.

சில வருடம் முன்பு, திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு கணக்குத் தொடங்க வந்தார். தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியிலேயே கிழடு தட்டியவர். பாரம் எழுதும்போது விலாசத்தில் மெதுவாகச் சொன்னார், "சயான்னு போட்டுருங்கய்யா."

"ஆதார்ல தாராவின்னுல்ல இருக்கு, ஐயா?"

"இருக்கட்டும்யா. தாராவின்னா எங்கயும் லோனு தர மாட்டேங்காவ. பயலுக்கு வேலைக்கு மனு போட்டாலும் கூப்பிட மாட்டேங்கான்."

ஆவணத்தில் உள்ளபடிதான் எழுத முடியும், எழுதினேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சில பின்கோடைப் பார்த்ததுமே முகம் மாறுவதை இந்தத் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிங்ஸ் சர்க்கிள் என்று எழுதினால் யாருக்கும் எந்த நஷ்டமும் வராது. விலாசத்தில் லேபர் கேம்ப் என்றோ காலனி என்றோ எழுதுகிறவன் ஒவ்வொரு பாரத்திலும் வட்டி கட்டுகிறான், அவன் வாங்காத கடனுக்கு. அதனால் முதலில் மாற்ற வேண்டியது உயிரோடு இருப்பவன் தலையில் இருக்கும் பெயரை என்பேன். செத்துப்போன துரைகள் வரிசையில் நிற்கலாம், அவர்களுக்கு அவசரம் இல்லை.

சமதா நகர் என்று மாற்றினால் நாளைக்கு அதுவும் வசவாகாதா? ஆகலாம். காலனிக்கு அதுதானே நடந்தது. ஆனாலும் மாற்றிய அந்த ஒரு தலைமுறையில் ஒரு பையன் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குப் போய்விடுவான். எனக்கு அது போதும். மாற்றுகிறவர்கள் வீட்டுப் பட்டாவையும் கூடவே கொடுத்தால் இன்னும் நல்லது. பெயரை எவன் வேண்டுமானாலும் கெடுக்கலாம், பட்டா இருந்தால் பாங்க் அவ்வளவு சுலபமாகக் கதவைச் சாத்த முடியாது.

தாராவிக்கு இந்தக் கேள்வி சீக்கிரமே வரும். 2022இல் மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பு தரைத்தளத்தில் இருந்ததற்குத் தாள் வைத்திருப்பவருக்குத்தான் அங்கேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களும் பிறகு வந்தவர்களும் வேறு எங்கோ. டோர்வாடா, கும்பார்வாடா, சாம்டா பஜார், காமராஜர் பெயரில் இருக்கும் பள்ளிக்கூடம், 90 அடி ரோடு எல்லாம் வரைபடத்தில் எந்தக் கட்டடத்துக்கு அடியில் போகும் என்று அங்கே இருக்கும் நம்மவர்களுக்கே தெரியாது. கும்பார்வாடா சாதிப் பெயர்தான். ஆனால் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த அந்தக் குயவர்கள் அதைத் தங்கள் தொழிலின் பெயராகப் பெருமையோடு சொல்கிறார்கள். எடுக்கலாமா கூடாதா என்பதை அவர்கள் சொல்லட்டும், நானும் நீங்களும் சொல்ல வேண்டாம்.

புது கோபுரங்களுக்கு யாராவது ஆலோசகர் ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருப்பார், ஏதாவது ஹைட்ஸ், ஏதாவது ரெசிடென்ஸி என்று. கணக்கெடுப்புக்காரர்கள் அத்தனை தாள் கேட்டார்கள், மின்சார பில், ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியல் வரைக்கும். உங்கள் தெருவுக்கு என்ன பெயர் வேண்டும் என்ற கேள்வி அந்தப் பாரத்தில் இருந்ததா என்று அங்கே இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இல்லையாம்.